டாலர் கிளாஸும் டிவி மேல லட்சுமியும்

வாங்க மச்சா, வாங்க. எல்லாரும் போனை ஏன் கவுத்து வெச்சிருக்கீங்க? நிமிர்த்துங்க. எனக்குத் தெரியாதா? உள்ள ஒரு ஆப் இருக்கு, அதுல ஒரு சிவப்பு நம்பர் இருக்கு, அதை வீட்ல யாருக்கும் தெரியாம பாக்கறதுக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை பாத்ரூம் போறீங்க. வீட்ல சுகர்னு நினைச்சு டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போயிடுவாங்க, ஜாக்கிரதை.

கரன்சி டிரேடிங் சொல்லிக் கொடுக்கறது உலகத்துலயே சுலபமான வேலை. பண்றதுதான் கஷ்டம். அதனாலதான் நான் சொல்லிக் கொடுத்தேன்.

பிசிஏ மூணாவது செம்ல காலேஜுக்கு நானே லீவு கொடுத்துட்டேன், அது இன்னும் முடியல. அப்புறம் சோறு டெலிவரி, மொபைல் கவர் வியாபாரம், ஜிம்ல ரிசப்ஷன். எதுலயும் மூணு மாசம் தாண்டல. கடைசியா நம்ம பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி, துணிக்கடை மாடியில, ரெண்டு ரூம்ல ஒரு ஃபாரெக்ஸ் கிளாஸ். போர்டுல என் பேருக்கு முன்னாடி 'மாஸ்டர்'னு போட்டாங்க. பதினோரு மாசம் தாக்குப் பிடிச்சேன்னா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். நம்ம ஜோகுபாளையம் பூரா தனம் அக்கா சொல்லி வெச்சிருக்காங்க, 'மாஸ்டர் தம்பிதான் என் வீட்டைக் காப்பாத்துச்சு'ன்னு. அந்தக் கதை வரும். வரிசையா வரேன், நடுவுல டீ கேக்காதீங்க.

தக்காளிக்கு வெங்காயம் எவ்ளோ

முதல் பாடம் ஜோடி. கரன்சி தனியா வராது, கல்யாணப் பத்திரிகை மாதிரி ரெண்டு பேர் சேர்ந்துதான் வரும். யூரோ-டாலர், பவுண்டு-டாலர், டாலர்-யென். முதல்ல இருக்கறதை வாங்கறோம், ரெண்டாவதா இருக்கறதுல காசு கொடுக்கறோம். யூரோ-டாலர் ஒண்ணு புள்ளி பூஜ்யம் எட்டுன்னா, ஒரு யூரோவுக்கு ஒரு டாலர் எட்டு சென்ட். நம்பர் ஏறும்னு தோணுனா வாங்கு, இறங்கும்னு தோணுனா வித்துடு. அவ்ளோதான் பாடம், இதுக்கு நான் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்குவேன்.

மத்தியானம் மூணு மணி பேட்ச்ல முதல் பெஞ்சு தனம் அக்கா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அல்சூர் பக்கம் ஒரு லேடீஸ் பிஜியில முப்பத்திரண்டு பொண்ணுங்களுக்கு சமையல், கூடவே வார்டன் வேலையும் அவங்கதான். மத்தியான சாப்பாட்டை முடிச்சுட்டு, ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையறதுக்குள்ள ஓடி வந்து உக்காருவாங்க. ஒரு நாள் கைய தூக்குனாங்க. "மாஸ்டர், நம்பர் ஏறுதுன்னு காட்டறீங்க. யூரோ ஏறுதா, டாலர் இறங்குதா?" நான் கெத்தா, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா"ன்னேன். "எப்படி ஒண்ணாகும்? தக்காளிய வெங்காயத்தால அளந்தீங்கன்னா, தக்காளி எகிறுனாலும் நம்பர் ஏறும், வெங்காயம் விழுந்தாலும் நம்பர் ஏறும். பை எடுத்துட்டு போறவளுக்கு எது நடந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

கிளாஸ் மொத்தம் என் வாயையே பாக்குது. எனக்கு அந்த நேரத்துல தெரிஞ்ச ஒரே பதில், "அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்க்கா." அக்கா நோட்டை மூடிட்டு சொன்னாங்க: "சரி மாஸ்டர். உங்க முகத்தைப் பாத்தா நீங்களும் இன்னும் அந்தக் கோர்ஸ் சேரல போல."

தாமரை இல்லாத லட்சுமி

புதுசா வர்றவங்களுக்கெல்லாம் முதல் நாளே போன்ல டெமோ அக்கவுண்ட் போட்டுக் கொடுப்போம். ஆப்பே பத்தாயிரம் டாலர் பொய்க்காசு கொடுக்கும். ரேட் நிஜம், மார்க்கெட் நிஜம், பணம் மட்டும் காத்து. மறந்துடக் கூடாதுன்னு ஸ்கிரீன் மூலையில ஆரஞ்சு கட்டம் போட்டு, அதுக்குள்ள இங்கிலீஷ்ல 'டெமோ'ன்னு நாலு எழுத்து இருக்கும்.

நம்ம கிளாஸ் சுவத்துல பெரிய டிவி. அதுல தினமும் நான் காட்டுறது 'மாஸ்டரோட சொந்த அக்கவுண்ட்'. நாப்பத்திரண்டாயிரம் டாலர், பச்சைப் பசேல்னு. அந்த டிவியோட மூலையில, கரெக்டா ஆரஞ்சு கட்டம் வர்ற இடத்துல, உள்ளங்கை சைஸுக்கு ஒரு லட்சுமி ஸ்டிக்கர். ஆமா மச்சா, என் அக்கவுண்டும் டெமோதான். அதை மறைக்கத்தான் லட்சுமி. கிளாஸுக்கு ஓனர் கிரண் சார். இந்த மாதிரி ஐடியா எல்லாம் யாருக்கு வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தமாஷ் என்னன்னா, ஒரு மாசத்துல அது கோயிலாயிடுச்சு. கிளாஸ் முடிஞ்சு போறவங்க எல்லாம் லட்சுமிய தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டுப் போறாங்க. தொடச் சொல்லி யாரும் சொல்லல. ரிசப்ஷன்ல ரேஷ்மான்னு ஒரு பொண்ணு, சிவாஜிநகர்லயே பொறந்து வளர்ந்தவ. கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு அந்த வரிசையைப் பாத்துட்டு என்கிட்ட சொன்னா: "அரே மாஸ்டர், லட்சுமியம்மா தாமரை மேல உக்காந்துதான் நான் பாத்திருக்கேன். டெமோ மேல உக்காந்து இங்கதான் பாக்கறேன்."

ரெண்டு ரேட்டு

நசீர் பாய்க்கு குஜிரியில கடை. தெரியாதவங்களுக்கு, குஜிரின்னா நம்ம சிவாஜிநகர் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் மார்க்கெட். உங்க வண்டி நேத்து காணாமப் போச்சுன்னா இன்னிக்கு அதோட கண்ணாடியை மட்டும் அங்க தேடிப் பாப்பீங்களே, அந்த இடம். (பாய் கடையில அப்படி இல்ல. இது பாய் காதுக்குப் போகும்.)

அன்னைக்குப் பாடம் ஸ்ப்ரெட். ஸ்கிரீன்ல எப்பவும் ரெண்டு ரேட் இருக்கும். நீங்க வாங்கப் போனா ஒரு ரேட், விக்கப் போனா அதை விட கொஞ்சம் கம்மி ரேட். அதனால வாங்குன அடுத்த செகண்டே கணக்கு மைனஸ்ல ஆரம்பிக்கும். பாய் போன்ல ஒரு டிரேட் போட்டாரு, மைனஸ் மூணு டாலர். "க்யா மியா, இன்னும் ஒண்ணுமே ஆகலையே?" "அது ஸ்ப்ரெட் பாய். நுழைவுக் கட்டணம் மாதிரி." "வெளிய வந்து திரும்பப் போனா?" "திரும்பக் கட்டணும்." பாய் அஞ்சு தடவை உள்ள போயி அஞ்சு தடவை வெளிய வந்தாரு. மார்க்கெட் அசையவே இல்ல, பதினஞ்சு டாலர் காலி. பொய்க்காசுதான், ஆனாலும் மனுஷனுக்கு முகம் வேர்த்துடுச்சு.

கொஞ்ச நேரம் தாடியை தடவிட்டு எழுந்துட்டாரு. ஃபீஸ் கூட திருப்பிக் கேக்கல. கதவுகிட்ட நின்னு சொன்னாரு: "நம்ம கடையிலயும் பழைய கியர்பாக்ஸுக்கு ரெண்டு ரேட்டுதான். கொடுக்க வர்றவனுக்கு ஒண்ணு, வாங்க வர்றவனுக்கு ஒண்ணு, நடுவுல இருக்கறது என் பிரியாணி. கல்லா பக்கத்துல சீட் காலியானா போன் பண்ணு, இந்தப் பக்கம் எனக்கு நக்கோ, வேணாம்."

ஆறு லட்சத்துக்கு ஒரு பஃப்ஸ்

பிரஷாந்த்னு ஒரு ஐடி பையன், கன்னடக்காரன். லேப்டாப் பையை தலையணை மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டே உக்காருவான். அவனுக்குப் பிடிச்ச பாடம் லீவரேஜ். உங்க கையில நூறு ரூபா இருந்தா, ஆப் உங்களைப் பத்தாயிரத்துக்கு விளையாட விடும். மார்க்கெட் ஒரு பர்சென்ட் ஏறுனா உங்க நூறு இருநூறாயிடும். இறங்குனா என்னன்னு நான் சொல்ல வாயைத் தொறக்கறதுக்குள்ள பையன் டெமோவுல டிரேட் போட்டுட்டான்.

ரெண்டே நாள்ல ஏழாயிரம் டாலர் லாபம். ரூபாய்ல போட்டுப் பாத்தான், ஆறு லட்சம் கிட்ட. "பார்ட்டி குரு!"ன்னு குதிச்சான். கீழ பேக்கரிக்கு ஓடி கிளாஸ் மொத்தத்துக்கும் எக் பஃப்ஸ், ஹனி கேக். நாங்களும் வெக்கமில்லாம சாப்பிட்டோம். தனம் அக்கா சைவம், அவங்களுக்குத் தனியா வெஜ் பஃப்ஸ். சாப்பிட்டு முடிக்கும்போது டிரேட் திரும்பிடுச்சு, லாபத்தோட சேர்த்து இருந்த பத்தாயிரமும் பூஜ்யம். நான் அவன் முதுகுல தட்டி, "அதான் லீவரேஜ்"ன்னேன், இதைத்தான் சொல்ல வந்த மாதிரி.

ஆனா அதுக்கு முன்னாடி பேக்கரி கவுண்டர்ல அவன் கூட நின்னது நான். பர்ஸைத் தொறந்து பாத்துட்டு, இன்னும் ஆறு லட்சத்துக்கு அதிபதியா இருந்த நிமிஷத்துல, பையன் என் காதுகிட்ட வந்து சொன்னான்: "மாஸ்டர், அக்கவுண்ட்ல ஆறு லட்சம் இருக்கு. பஃப்ஸுக்கு ஒரு நூறு ரூபா ஷார்ட், ஸ்வல்ப கொடுங்களேன்."

பத்து மணி கேட்

ஸ்டாப் லாஸ்னு ஒண்ணு இருக்கு. 'இவ்ளோ நஷ்டம் வந்தா போதும், தானா வெளிய வந்துடு'ன்னு முன்னாடியே ஆப்கிட்ட சொல்லி வெச்சுடறது. பிழைச்சுக் கெடக்கறவன் எல்லாம் இதாலதான் பிழைச்சுக் கெடக்கறான். தனம் அக்காவுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னு நானே பெருமையா ஒரு உதாரணம் கண்டுபிடிச்சேன். "உங்க பிஜியில ராத்திரி பத்து மணிக்கு கேட் பூட்டறீங்க இல்ல? பூட்டுனா பூட்டுனதுதான். அதான் ஸ்டாப் லாஸ்."

அக்கா தலைய ஆட்டுனாங்க. டெமோவுல ஸ்டாப் லாஸும் போட்டாங்க. ரேட் அதுகிட்ட வந்ததும் கைய வெச்சு கொஞ்சம் கீழ இறக்குனாங்க. மறுபடி வந்துச்சு, மறுபடி இறக்குனாங்க. மூணாவது தடவை எடுத்தே போட்டுட்டாங்க. "என்னக்கா பண்றீங்க? பத்து மணி கேட்டு!"ன்னு நான் கத்தறேன். அவங்க போனை விட்டு கண்ணை எடுக்காம சொன்னாங்க: "என்ன மாஸ்டர் பேசறீங்க. சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்க்கான்னு ஒரு புள்ள போன் பண்ணா, பூட்டிட்டு தூங்கிடுவேனா? வந்துடும், பாவம், விடுங்க."

சிரிச்சேன் அன்னைக்கு. இந்த அக்கா நிஜக் காசு போட்டா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம் டீ வந்துடுச்சு.

நாப்பது நாள் லீஸ்

பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு லீஸ் தெரியும். மாச வாடகை கிடையாது. மொத்தமா ஒரு தொகை வீட்டுக்காரர் கையில கொடுத்துடணும். காலி பண்ணும்போது அதை அப்படியே திருப்பி வாங்கி, அடுத்த வீட்டுக்காரர் கையில கொடுக்கணும். வாழ்நாள் பூரா அந்த ஒரே பணம் வீடு வீடா மாறும், நம்மளும் பின்னாடியே மாறுவோம். தனம் அக்காவோடது அஞ்சு லட்சம். இருபது வருஷம் சமைச்ச காசு. ஆஸ்டின் டவுன் வீட்டை அக்கா காலி பண்ணியாச்சு, பணம் பேங்க்ல வந்து விழுந்தாச்சு. ஜோகுபாளையத்துல புது வீடு பேசி முடிச்சாச்சு, ஆனா பெயிண்டிங், பாத்ரூம் டைல்ஸ்னு நாப்பது நாள் ஆகும். அதுவரைக்கும் அக்காவும் காலேஜ் படிக்கற பொண்ணும் பிஜி ஸ்டோர் ரூம்ல.

நான் கிளாஸ்ல ஒரு டயலாக் வெச்சிருந்தேன், 'சும்மா தூங்கற பணத்தை எழுப்பி வேலைக்கு அனுப்புங்க'ன்னு. நல்லா கைதட்டு வாங்கும். அக்கா அதை நோட்ல எழுதி வெச்சிருக்காங்க. வந்து கேக்கறாங்க, "மாஸ்டர், என் அஞ்சு லட்சம் நாப்பது நாள் சும்மா தூங்குது. வேலைக்கு அனுப்பி, வீட்டுக்குக் கொடுக்கற நாள்ல திரும்ப எடுத்துக்கலாமா?" இந்த ஐடியா இந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் வரும். வீடே ரெண்டு வீட்டுக்கு நடுவுல காசா நிக்குது, அதை வெச்சு யூரோ வாங்கப் பாக்கறாங்க.

நம்ம ஊர் ரூல்படி இந்த மாதிரி வெளிநாட்டு ஆப்ல காசு கட்டி ஆடறதே கூடாது. பணம் போறதும் ஆப்புக்கு இல்ல, யாரோ ஒரு லோக்கல் ஏஜென்ட் பேருக்கு. இது எதுவும் எங்க சிலபஸ்ல கிடையாது. நான் அக்காகிட்ட, "யோசிச்சு பண்ணுங்கக்கா"ன்னேன். பாத்தீங்களா, என்ன நல்லவன்! கிரண் சார் என்னை உள்ள கூப்பிட்டு கதவைச் சாத்துனாரு. ஒருத்தர் கட்டற காசுல எனக்கு அஞ்சு பர்சென்ட். அப்போ இருபத்தஞ்சாயிரம். நான் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் பாத்து வெச்சிருந்தேன், கறுப்பு கலர். சார் தோள்ல கைய போட்டு கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாரு: "யோசிக்கறது அவங்க வேலை, குரு. நீ பேடான்னும் சொல்லாத, பண்ணுன்னும் சொல்லாத. சும்மா சிரிச்சுட்டு நில்லு, சாக்கு."

கன்னடத்துல பேடான்னா 'வேணாம்', சாக்குன்னா 'போதும்'. சிரிச்சுட்டு நின்னேன்.

வெள்ளிக்கிழமை

போன்ல ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். அஞ்சு நாள்ல அஞ்சு லட்சம், வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கறதுன்னு அக்காவே நாள் பாத்துட்டாங்க. தலைக்குக் குளிச்சு, பூ வெச்சு வந்தாங்க. ரேஷ்மா ஏஜென்ட் நம்பரை எழுதிக் கொடுத்துட்டு என் முகத்தையே பாத்தா. நான் டிவியைப் பாத்தேன். டிவியில என் நாப்பத்திரண்டாயிரம் டாலர்.

அக்கா போன்ல எல்லாம் போட்டுட்டாங்க. ஒண்ணுக்குப் பின்னாடி அஞ்சு பூஜ்யம். பாஸ்வேர்டு மட்டும்தான் பாக்கி. "ஒரு நிமிஷம் மாஸ்டர், அம்மாவுக்குப் பொட்டு வெச்சுடறேன்"னு எழுந்தாங்க. பையில இருந்து குங்குமச் சிமிழ். வாட்டர் பாட்டில்ல விரலை நனைச்சு, குங்குமத்தைக் குழைச்சு, லட்சுமி நெத்தியில வெச்சு நல்லா அழுத்துனாங்க. பதினோரு மாசம் டிவி சூட்டுல வெந்த கோந்து, அத்தனை பேர் தொட்டுத் தொட்டு தேஞ்ச கோந்து. ஈரம் பட்டதும் அக்கா விரலோடயே லட்சுமி வந்துட்டாங்க.

டிவி மூலையில ஆரஞ்சு கட்டம். அக்கா அதைப் பாத்தாங்க. அப்புறம் பெஞ்சுல கெடந்த தன் போனை எடுத்து, ஏஜென்ட் பேமென்டை மூடிட்டு, டிரேடிங் ஆப்பைத் தொறந்து, டிவி பக்கத்துல தூக்கிப் பிடிச்சாங்க. அதே ஆரஞ்சு. அதே நாலு எழுத்து.

"என் போன்லயும் இதேதானே இருக்கு மாஸ்டர்?"

"ஆமாக்கா."

"அப்போ உங்க நிஜ அக்கவுண்ட் எங்க?"

"இல்லக்கா."

"இப்போ இல்லையா, எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இல்லக்கா. ஒரு ரூபா கூட நான் போட்டதில்ல."

கிரண் சார் உள்ள இருந்து ஓடி வந்து 'டெக்னிகல் மிஸ்டேக்'னு என்னென்னவோ சொன்னாரு. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்ல. லட்சுமிய முந்தானையில துடைச்சு, நோட்டுக்குள்ள பத்திரமா வெச்சுக்கிட்டு, என்னைப் பாத்து சொன்னாங்க: "இவங்களை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன் மாஸ்டர். நாப்பது நாள் என்கூட ஸ்டோர் ரூம்ல இருக்கட்டும், அப்புறம் புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

இப்போ

மூணு மணி பேட்ச் அன்னைக்கே கரைஞ்சுது. சார் என்னைத் துரத்தறதுக்கு முன்னாடி நானே கிளம்பிட்டேன், எனக்கு அதுல அனுபவம் ஜாஸ்தி. கறுப்பு பைக்கை வேற எவனோ வாங்கிட்டான். அக்கா நாப்பத்தொண்ணாவது நாள் நம்ம தெருவுலயே, எங்க வீட்டுல இருந்து நாலாவது வீட்டுல பால் காய்ச்சுனாங்க. போயிருந்தேன். லட்சுமி வாசக்கதவு உள்பக்கம் ஒட்டியிருக்காங்க, அந்தக் குங்குமத்தோடயே. இப்போ நான் மறுபடி சோறு டெலிவரி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா, "மாஸ்டர், இன்னிக்கு டாலர் என்ன ரேட்டு?"ன்னு கேட்டு சிரிப்பாங்க.

ஆனா தெருவுல அவங்க சொல்ற கதை வேற. 'பாவம் அந்தத் தம்பி, மொதலாளிக்குப் பயந்து வாயத் தொறந்து சொல்ல முடியல. அதான் முந்தின நாளே ஸ்டிக்கரை லேசா பிரிச்சு வெச்சிருக்கு, என் கை பட்டா வரட்டும்னு.' அதைக் கேட்டுட்டு உங்க அம்மாங்க எல்லாம் என்னைக் கூப்பிட்டு காபி கொடுக்கறாங்க. நானும் வாயை மூடிட்டு குடிச்சுட்டு வரேன். நேத்து அக்காகிட்டயே உண்மையைச் சொல்லிடலாம்னு போனேன். ஆரம்பிக்கறதுக்குள்ள தட்டுல ரெண்டு இட்லி வெச்சுட்டு சொன்னாங்க: "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி, எனக்கு எல்லாம் தெரியும், சாப்பிடு."

அவங்களுக்குத் தெரியாதது இதான் மச்சா: அந்த லட்சுமிய வாங்கிட்டு வந்து ஒட்டினது கிரண் சார் இல்ல, நான், முந்தின நாள் அதை யாரும் பிரிக்கவும் இல்ல, அது தானா விழலேன்னா நான் கடைசி வரைக்கும் சிரிச்சுட்டேதான் நின்னிருப்பேன்.